வேதியியல் பட்டத்துக்கு என்ன செலவு, என்ன மதிப்பு? உயர்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறை, கல்லூரிக் கல்வி இயக்ககம், தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் ஆகியவற்றின் பொறுப்பாளர்கள்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. வேதியியல் நடத்தும் ஒவ்வொரு கல்லூரியும் இரண்டு விஷயங்களைச் சேர்க்கை தொடங்கும் முன்பே பொதுவில் வெளியிட வேண்டும். ஒன்று, அந்தத் துறையில் ஒரு மாணவருக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்து ஆகும் மொத்தச் செலவு. இன்னொன்று, அந்தச் செலவுக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்ற விவரம். இதற்கு நீங்கள் ஆணையிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நானும் வேதியியல் படித்தவன்தான். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் பேச்சில் அதற்குக் கியூ.சி. என்று பெயர். படிப்பு முடித்து வருகிற பிள்ளைகளை நேர்காணல் செய்து எடுப்பதும், எடுத்த பிறகு வேலைக்குப் பழக்குவதும் என் பொறுப்பில் வருகின்றன. அதனால் எல்லா வகைக் கல்லூரிப் பிள்ளைகளையும் ஒரே மேசையின் முன்னால் பார்க்கிற வாய்ப்பு எனக்கு இருக்கிறது. பிளஸ் டூ முடிவு வந்ததும் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "பிள்ளை கெமிஸ்ட்ரி எடுக்கணும்கிறான், எந்தக் காலேஜ்ல சேர்க்கலாம்?" இந்தத் துறையிலேயே இருக்கிற எனக்கும் ஆதாரத்தோடு பதில் சொல்ல வழியில்லை. அப்படியென்றால் ஊர்ப்பக்கம் இருக்கிற ஒரு விவசாயியோ தையல்காரரோ யாரைக் கேட்பார்?

முதலில் செலவைப் பார்ப்போம். அரசு கலை அறிவியல் கல்லூரியில் சேர இணைய விண்ணப்பத்துக்கு 50 ரூபாய். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 2 ரூபாய்தான். கல்விக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தாலும் ஆண்டுக்குச் சில ஆயிரங்களோடு நின்றுவிடும். பஸ் பாஸ் இலவசம். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையன்களுக்கும் அதே தொகை. மூன்று ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 36,000 ரூபாய். வீட்டிலிருந்தே போய் வருகிற ஒரு பிள்ளைக்கு, பட்டம் வாங்க வீட்டுக்காசு தேவைப்படாது என்றே சொல்லலாம். இப்படி ஓர் ஏற்பாட்டை உருவாக்கியதற்காக இந்த மாநிலம் பெருமைப்படலாம். நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

அப்புறம் மேலே ஏற ஏறக் கணக்கே மாறுகிறது. அரசு உதவி பெறும் கல்லூரி, அதற்கு மேலே சுயநிதிக் கல்லூரி, அதற்கும் மேலே நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் தனியார் பல்கலைக்கழகமும். கடைசிப் படியில் ஆண்டுக் கட்டணம் ஐம்பதாயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். விடுதியும் சேர்ந்தால் லட்சம் தாண்டும் இடங்களும் உண்டு. இதற்காக நகையை அடகு வைக்கிறார்கள், சீட்டு எடுக்கிறார்கள், கல்விக் கடன் வாங்குகிறார்கள்.

இந்த வரிசையில் என்னை அதிகம் உறுத்துவது அரசு உதவி பெறும் கல்லூரிதான். ஒரே வளாகத்தில் காலையில் உதவி பெறும் பிரிவு, மதியம் சுயநிதிப் பிரிவு. பெரும்பாலும் ஆய்வகம் ஒன்று, பாடம் ஒன்று, கடைசியில் கையில் கிடைக்கிற சான்றிதழில் இருக்கும் பல்கலைக்கழக முத்திரையும் ஒன்று. கட்டணம் மட்டும் பல மடங்கு வித்தியாசம். காலைப் பிரிவில் பாடம் எடுப்பவர் அரசுச் சம்பளம் வாங்கும் நிரந்தர ஆசிரியர். மதியப் பிரிவுக்கு நிர்வாகம் வைத்திருக்கும் ஆசிரியருக்கு அதில் ஒரு பங்குதான் சம்பளம். ஆக, அதிகம் கட்டுகிற பிள்ளைக்குக் கிடைப்பது குறைந்த சம்பளத்தில் அடிக்கடி மாறிக்கொண்டிருக்கும் ஆசிரியர். எல்லாக் கல்லூரியிலும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. நல்ல ஆசிரியர்கள் மதியப் பிரிவிலும் உயிரைக் கொடுத்து நடத்துகிறார்கள். ஆனால் எந்தப் பெற்றோருக்கும் சேர்க்கை நாளில் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை. "காலைல சீட் இல்ல, ஈவினிங்ல இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பாடத்திட்டத்தில் பெரிய வேறுபாடு இருக்குமோ என்று கேட்டால், அதற்கும் இப்போது இடமில்லை. உயர்கல்வி மன்றம் 2023-24இல் பொதுப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் கீழுள்ள கல்லூரிகள் பலவற்றில் பாடத்தின் பெரும்பகுதி ஒன்றுதான். அப்படியானால் கட்டணத்துக்கு ஏற்ப வேறுபட வேண்டியவை மூன்றுதான்: ஆய்வகம், ஆசிரியர், படித்து முடித்தபின் திறக்கும் கதவுகள். இந்த மூன்றைப் பற்றித்தான் எந்தக் கல்லூரியின் விளம்பரப் பலகையிலும் ஒரு வரி இருப்பதில்லை.

ஆய்வகம் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்களிடம் நேர்காணலுக்கு வருகிறவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பதற்கு முன், ஆய்வகத்துக்குள் கூட்டிப்போய் ஒரு சின்ன வேலை கொடுப்போம். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்க வேண்டும். பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை எடைபோட்டு, தண்ணீரில் கரைத்து, நிறம் காட்டும் ஃபீனாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு டைட்ரேஷன் செய்ய வேண்டும், அதாவது ஒரு கரைசலோடு இன்னொன்றை நிறம் மாறும்வரை அளந்து சேர்க்க வேண்டும். முதலாமாண்டுப் பாடம். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் மூன்று ஆண்டுப் படிப்பும் தெரிந்துவிடும். நாலு தசம இலக்கம் காட்டும் தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு எண் நிலைக்கும்வரை காத்திருக்கிறாரா? பியூரெட்டை, அதாவது அளவு குறித்த கண்ணாடிக் குழாயை, நிரப்பும் முன் அதே கரைசலால் ஒருமுறை அலசுகிறாரா? புனலை எடுத்துவிட்டாரா? நுனியில் காற்றுக்குமிழி நிற்கிறதா என்று பார்க்கிறாரா? கடைசி ஒரு மில்லியில் குழாயை ஆவென்று திறந்துவிடாமல் சொட்டுச் சொட்டாக விடுகிறாரா? வெளிறிய இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்துகிறவர் கை பழகியவர். ரோஸ்மில்க் நிறம் வந்தபிறகு நிறுத்துகிறவருக்குக் கல்லூரியில் யாரும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு பெண் வந்திருந்தார். ஊர்ப்பக்கத்து அரசுக் கல்லூரி, ஆங்கிலத்தில் பேசத் தயக்கம். தராசின் முன் நின்றதும் அவர் ஆளே மாறிவிட்டார். மூன்று முறை செய்தார், மூன்று அளவும் ஒன்றோடொன்று ஒட்டி வந்தன. அவருடைய ஆசிரியர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் செய்யவைப்பாராம், சரியாக வராவிட்டால் மறுபடி மறுபடி விடுவாராம். அதே நாளில் வந்த இன்னொரு பையன் பெரிய கட்டணம் வாங்கும் கல்வி நிறுவனத்தில் படித்தவன். அங்கே எச்.பி.எல்.சி. கருவி, அதாவது ஒரு கலவையில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவி, இருக்கிறது. பார்த்திருக்கிறான், படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறான், தொட்டதில்லை. அதன் வழியே ஓடும் திரவத்தை 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டிக் காற்று நீக்கிய பிறகுதான் கருவிக்குள் விட வேண்டும் என்பதற்குக் காரணம் கேட்டால் முழிக்கிறான். கெட்டிக்காரப் பையன்தான். தப்பு அவன்மேல் இல்லை.

இதற்கு நேர்மாறாகவும் பார்த்திருக்கிறேன். அரசுக் கல்லூரியில் ஐந்து பேருக்கு ஒரு பியூரெட் என்று பகிர்ந்து, மூன்று ஆண்டும் வேடிக்கை மட்டும் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் உண்டு. காசு அதிகம் வாங்கினாலும் ஒவ்வொரு மாணவரையும் தனியாகக் கருவியில் உட்காரவைக்கும் தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. கட்டணத்தை வைத்துத் தரத்தை ஊகிக்க வழியே இல்லை என்பதுதான் இதிலிருந்து எனக்குப் புரிந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் கல்லூரி ஆய்வகங்களில் அளவு இத்தனை வர வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. சீனியர் சொல்லிவிடுவார், இல்லாவிட்டால் உதவியாளர் சொல்லிவிடுவார். பென்சிலில் எழுதி, அழித்து, வர வேண்டிய எண்ணுக்குக் கிட்டத்தட்டக் கொண்டுவந்து, பேனாவில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். மருந்துத் தொழிலில் இதற்கு மன்னிப்பே கிடையாது. பார்த்த எண்ணைப் பார்த்த நொடியில் பேனாவில் எழுத வேண்டும். தவறானால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்திய நிறுவனங்களுக்கு அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்தது இந்தப் பதிவு நேர்மைக் குறைபாடுதான். ரெக்கார்டு நோட்டை அழகாக எழுதுவதற்கு மதிப்பெண் கொடுத்துப் பழக்கிவிட்டு, வேலைக்கு வந்ததும் அந்தப் பழக்கத்தை உடைக்க நாங்கள் மாதக்கணக்கில் போராடுகிறோம். இதைச் சரிசெய்யப் பத்துப் பைசா செலவில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் செறிவு தெரியாத வேறுவேறு கரைசலைக் கொடுத்து, வந்த எண் எதுவோ அதை அப்படியே எழுதவைத்தால் போதும்.

சரி, இந்தப் பட்டத்துக்கு வெளியே என்னதான் மதிப்பு? "கெமிஸ்ட்ரி படிச்சா என்ன வேலை கிடைக்கும்" என்ற கேள்விக்கு "டீச்சர் ஆகலாம்" என்ற ஒற்றைப் பதிலோடு நிறுத்திக்கொள்கிறோம். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளைப் புரட்டிப் பாருங்கள். மருந்து உற்பத்தியை மேற்பார்வையிடத் தகுதியுள்ளவர்களாக பி.ஃபார்ம். படித்தவர்களோடு, வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்த அறிவியல் பட்டதாரியையும் 71ஆம் விதி ஏற்கிறது. பட்டத்துக்குப் பின் மூன்று ஆண்டு உற்பத்தி அனுபவம் வேண்டும், அவ்வளவுதான். தொழிற்சாலைகளில் 'அப்ரூவ்டு கெமிஸ்ட்' என்று மரியாதையாகச் சொல்வது இந்த மாதிரி அங்கீகாரம் பெற்றவர்களைத்தான். கல்பாக்கம் போன்ற அணுசக்தித் துறை மையங்கள் ஸ்டைபெண்டரி டிரெய்னி என்ற பயிற்சியாளர்களை எடுக்கும்போது, அதன் முதல் வகைக்கு (கேட்டகரி 1) 60 சதவீத மதிப்பெண் பெற்ற அறிவியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை, முடித்தால் மத்திய அரசு வேலை. ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கும் ஜாம் நுழைவுத் தேர்வை எழுதித் தேறினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ முடித்ததும் நுழைவுத் தேர்வு எழுதி ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.யில் சேரலாம். எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலர் ஜாம் என்ற பெயரையே முதன்முதலாக எங்கள் வாயிலிருந்துதான் கேட்கிறார்கள். அதற்குள் மூன்று ஆண்டு முடிந்துவிட்டிருக்கிறது.

ஊருக்குள்ளேயே இருக்கிற வேலைகளும் உண்டு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மூடச்சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை ஓடும் என்ற நிலை வந்தது. அந்தச் சுத்திகரிப்பு நிலையங்களில் தினமும் நீரைச் சோதிக்க ஆள் வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகள், மணலி, மேட்டூர், கடலூர், தூத்துக்குடி ரசாயன ஆலைகள், ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டை, ஓசூர் எல்லாம் வேதியியல் படித்தவர்களை வைத்துத்தான் நடக்கின்றன. ஆனால் எந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் இங்கெல்லாம் போனார்கள் என்று ஒரு கணக்கும் பெற்றோர் கைக்குக் கிடைப்பதில்லை.

செலவு என்பது கட்டணம் மட்டுமில்லை, ஆண்டுகளும்தான். பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, மேல்நிலை வகுப்பு ஆசிரியராக வேண்டுமென்றால் அதோடு பி.எட். இரண்டு. ஏழு ஆண்டு முடித்துவிட்டு அப்புறம் ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். பி.எஸ்சி.யோடு வேலைக்கு வருகிறவருக்கு எங்கள் பகுதியில் ஆரம்பச் சம்பளம் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று ஷிப்டு, நாலு பேர் சேர்ந்து ஓர் அறை, வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்பக் கொஞ்சம்தான் மிஞ்சும். ஆனால் எச்.பி.எல்.சி.யில் கை பழகிய மூன்றாவது, நாலாவது ஆண்டில் சம்பளம் நன்றாக ஏறுகிறது. ஹைதராபாத், விசாகப்பட்டினம் என்று வாய்ப்புகள் திறக்கின்றன. முதல் மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்து இந்தப் படிப்பை எடைபோட்டால் தப்பாகிவிடும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விவரம் வெளியிடச் சொன்னால் உடனே ஒருவர் 'பி.காம். படித்தால் இவ்வளவு, பி.சி.ஏ. படித்தால் இவ்வளவு, கெமிஸ்ட்ரி படித்தால் இவ்வளவுதான்' என்று பட்டியல் போட்டுவிடுவார். ஏற்கெனவே பல கல்லூரிகளில் வேதியியல் இடங்கள் நிரம்பாமல் கிடக்கின்றன. வணிகவியலுக்கு வகுப்பறையும் பெஞ்சும் போதும். வேதியியலுக்கோ ரசாயனம், கண்ணாடிக் கருவி, காற்றுப்போக்கி, எரிவாயு, ஆய்வக உதவியாளர் என்று செலவு நீளும். கணக்குப் பார்க்கும் நிர்வாகம் எதை மூடும் என்று சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தில் எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் 2004இல் செலவைக் காரணம் காட்டி வேதியியல் துறையை மூட முடிவெடுத்தது. நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ஹாரி குரோட்டோ, அந்தப் பல்கலைக்கழகம் தனக்குக் கொடுத்திருந்த கௌரவப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நிலைமை இங்கே வந்துவிடக் கூடாது. ஆகவே விவரம் எப்படித் திரட்டப்படுகிறது என்பதில் கவனம் வேண்டும். படித்து முடித்து மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் அந்தப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கலாம். இங்கிலாந்தில் உள்ளூர் மாணவர்களுக்கான இளங்கலைக் கட்டணத்துக்கு அரசே உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 முதல் ஆண்டுக்கு 9,250 பவுண்டு, 2025-26இல் 9,535 பவுண்டு. புகழ்பெற்ற பல்கலைக்கழகமானாலும் சாதாரணப் பல்கலைக்கழகமானாலும் ஏறக்குறைய எல்லாரும் வாங்குவது அந்த உச்சவரம்புத் தொகையைத்தான். அப்படி இருந்தும் 'டிஸ்கவர் யூனி' என்ற அதிகாரபூர்வத் தளத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக விவரம் போடுகிறார்கள். படித்தவர்கள் பதினைந்து மாதம் கழித்து என்ன செய்கிறார்கள், மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு கழித்து என்ன சம்பாதிக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் தனி ஆளை அடையாளம் காண முடியாதபடி சேர்த்துக் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் அரசு நடத்தும் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' தளம் இப்போது பாடவாரியாகக் கடன் எவ்வளவு, வருமானம் எவ்வளவு என்று காட்டுகிறது. இங்கிலாந்தைப் போல விலை ஒன்றாக இருக்கும் இடத்திலும் விவரம் கொடுக்கிறார்கள். இங்கே விலை இருபது விதமாக இருக்கிறது, விவரம் கிடையாது.

முழுக்கக் கிடையாது என்றும் சொல்ல முடியாது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், அவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன, மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் கொடுக்கின்றன. தங்கள் இணையதளத்திலும் போடுகின்றன. ஆனால் அது 'மூன்றாண்டு இளங்கலை' என்று எல்லாத் துறையையும் ஒன்றாகக் கலந்த எண். வணிகவியல், கணினி அறிவியல் மாணவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும் கல்லூரியில் வேதியியல் படித்த நாற்பது பேர் அதற்குள் எங்கேயோ மறைந்துவிடுவார்கள். அந்த எண்ணைத் திரட்டக் கல்லூரியிடம் துறைவாரிப் பட்டியல் இருந்தே ஆக வேண்டும். அதைப் பிரித்து வெளியிடச் சொன்னால் போதும், புதிதாக யாரும் கணக்கெடுக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். அதில் முதலில், மூன்று ஆண்டுக்குமான மொத்தச் செலவு. விடுதி, ஆய்வகக் கட்டணம், தேர்வுக் கட்டணம், 'இதரக் கட்டணம்' என்ற பெயரில் வாங்குவது எல்லாம் உட்பட. இரண்டாம் ஆண்டில் எவ்வளவு ஏறும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். அடுத்தது, ஒரு பியூரெட்டுக்கு எத்தனை மாணவர், ஒரு செமஸ்டரில் உண்மையிலேயே நடந்த செய்முறை வகுப்புகள் எத்தனை, எந்தெந்தக் கருவியை மாணவர் தம் கையால் இயக்குகிறார். 'இருக்கும் கருவிகள்' என்ற பட்டியல் வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள் உறை போட்டு வைத்திருப்பதையும் அதில் எழுதிவிடுவார்கள். பிறகு, ஐந்து ஆண்டுக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேர் ஜாம் போன்ற தேர்வில் தேறினார்கள், எத்தனை பேர் வேதியியல் சார்ந்த வேலையில் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை அரசுக் கல்லூரிச் சேர்க்கைத் தளத்திலேயே கல்லூரியின் பெயருக்கு நேரே போடலாம். சுயநிதிக் கல்லூரிகளுக்கு, அங்கீகார நீட்டிப்புக்கு இதை ஒரு நிபந்தனையாகப் பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

அதே பக்கத்தில் ஆசிரியர் விவரமும் வர வேண்டும்: நிரந்தர ஆசிரியர் எத்தனை, கௌரவ விரிவுரையாளர் எத்தனை, காலியிடம் எத்தனை. இதில் அரசுக் கல்லூரிகளுக்குத்தான் சங்கடம் அதிகம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன். 160க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பெருமளவு பாடச்சுமையைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுடைய மாதத் தொகை 20,000இலிருந்து 25,000 ரூபாய் ஆனது. அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம்தான். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வரையறுத்ததோ ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம் மாதம் 50,000 வரை. நெட் தேர்வில் தேறி ஆராய்ச்சிக்குள் அப்போதுதான் காலெடுத்துவைக்கும் மாணவர் 37,000 வாங்குகிறார். அவருக்கு இளங்கலையில் பாடம் சொல்லிக்கொடுத்த முனைவர் 25,000 வாங்குகிறார். மாணவருக்கு இலவசமாகக் கொடுக்கும் கல்வியின் விலையை இந்த ஆசிரியர்கள் தங்கள் வாழ்க்கையால் கட்டுகிறார்கள். அந்த எண்ணிக்கை சேர்க்கைப் பக்கத்தில் பளிச்சென்று தெரிந்தால், காலியிடங்களை நிரப்பச் சொல்லிப் பெற்றோர்களே கேட்கத் தொடங்குவார்கள். உங்களுக்கும் நிதித்துறையிடம் பேச அது ஒரு பலம்.

பட்டத்தின் பெயர் விஷயத்தையும் கவனியுங்கள். பயன்பாட்டு வேதியியல், தொழிலக வேதியியல் என்று கவர்ச்சியான பெயரில் பல படிப்புகள் வந்தன. படித்து முடித்து அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான், இந்தப் பட்டம் வேதியியல் பட்டத்துக்கு இணையா இல்லையா என்ற கேள்வி எழுகிறது. அரசாணை வந்திருக்கிறதா, எந்த ஆண்டு, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்று பிள்ளைகள் கல்லூரிக்கும் தலைமைச் செயலகத்துக்குமாக அலைகிறார்கள். தேர்வில் தேறிச் சான்றிதழ் சரிபார்ப்பு வரை போய்த் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். இணைத்தன்மை ஆணை இல்லாத படிப்பில் மாணவரைச் சேர்க்கும்போது, அதை விண்ணப்பத்திலேயே கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும். ஆணை இருந்தால் அதன் எண்ணையும் தேதியையும் போட வேண்டும்.

கடைசியாக, செலவில்லாமல் மதிப்பைக் கூட்ட ஒரு வழி. எல்லாக் கல்லூரியிலும் எச்.பி.எல்.சி. வாங்கிவைக்க முடியாது, வாங்கினாலும் பராமரிக்க முடியாது. ஆனால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட நிறுவனம். சென்னையில் அதே ஆண்டு தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் வெளியாட்களின் மாதிரிகளையும் கட்டணம் வாங்கிச் சோதித்துத் தரும் கருவி மையம் இருக்கிறது. எம்.எஸ்சி. மாணவர்கள் ப்ராஜெக்டுக்காகத் தனியார் மையங்களில் ஆயிரக்கணக்கில் காசைக் கொட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகளையும் மூன்றாமாண்டு பி.எஸ்சி. மாணவர்களையும் விடுமுறையில் இரண்டு வாரம் இங்கெல்லாம் அனுப்ப அரசு ஓர் ஒப்பந்தம் போட்டால், அந்த இரண்டு வாரம் அவர்கள் வாழ்க்கையையே மாற்றும். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்துக்குள்ளேயே இதைச் சேர்க்கலாம். தொழிற்சாலைகளும் வரும். எங்களைப் போன்ற ஆய்வகங்களில் வேலை பார்க்கிறவர்கள் சனிக்கிழமைகளில் பக்கத்துக் கல்லூரிக்குப் போய் மாணவர்களுக்குத் தராசும் பியூரெட்டும் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறோம். நான் வருகிறேன். என்னுடன் வேலை பார்க்கும் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்குப் படி எதுவும் வேண்டாம், கல்லூரிக்குள் நுழைய உங்கள் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.

வரும் மே மாதம் சேர்க்கைத் தளம் திறப்பதற்கு முன் முதல் கட்டமாக அரசுக் கல்லூரிகளின் வேதியியல் துறைகளுக்காவது இந்தப் பக்கத்தை வெளியிடுங்கள். அடுத்த ஆண்டு உதவி பெறும் கல்லூரிகள், அதற்கடுத்த ஆண்டு சுயநிதிக் கல்லூரிகள் என்று போகலாம். அரசு தன் கல்லூரிகளின் குறையையும் மறைக்காமல் முதலில் எழுதிவிட்டால், மற்றவர்களைக் கேட்கும் தகுதி தானாக வந்துவிடும். படிவத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரைவு தயாரிக்க உதவி தேவைப்பட்டால் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் பட்டதாரி, தரக்கட்டுப்பாட்டு ஆய்வகப் பணியாளர்,
செங்கல்பட்டு மாவட்டம்